மஞ்சள் குடித்த ரேடியேட்டர்

பவானிபூரில் நாங்கள் குடியிருந்த சந்தில் கார் வைத்திருந்த தமிழ்க் குடும்பம் எங்களுடையது ஒன்றுதான். அதற்காகப் பெரிய பணக்காரர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். என் கணவர் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் கணக்குப் பிரிவு அதிகாரி. அவருடைய துரை வேலையை விட்டுச் சீமைக்குத் திரும்பியபோது, ஓடி ஓடிக் களைத்துப்போன தம்முடைய காரை இவர் தலையில் கட்டிவிட்டுப் போனார். நான் அப்படிச் சொன்னால் இவருக்குப் பிடிக்காது. "தலையில கட்டலை. என்னை நம்பிக் குடுத்துட்டுப் போயிருக்கார்" என்பார்.

துணிக் கூரை போட்ட வண்டி. முன்னால் ஒரு கம்பியைச் செருகிச் சுற்றினால்தான் கிளம்பும். அதன் முகம் முழுக்கப் பித்தளை. அந்தப் பித்தளைக்குப் பின்னால் தேன்கூடு மாதிரிச் சின்னச் சின்னத் துவாரங்களாக இருப்பதற்கு ரேடியேட்டர் என்று பெயர் என்றும், எஞ்சின் சூட்டில் வண்டி வெந்துபோகாமல் அதில் தண்ணீர் சுற்றிக்கொண்டே இருக்கும் என்றும் இவர் எனக்கு விளக்கினார். ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னிடம் புளி வாங்கிக்கொண்டு போய் அந்தப் பித்தளையைத் தேய்ப்பார். கம்பெனியில் நாலு பேரை அதட்டி வேலை வாங்கும் மனிதர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவில் குந்தியிருப்பதைப் பார்க்க எனக்கு வேடிக்கையாக இருக்கும். வெளியே சொன்னதில்லை, எனக்கும் அந்தக் கார் பிடித்துத்தான் இருந்தது. டிராமில் ஏறினால் நாலு பேர் கண்ணில் படுகிறோம். காரில் போனால் நாலாயிரம் பேர் பார்ப்பார்கள், ஆனால் யாரும் பக்கத்தில் வந்து இடிக்க மாட்டார்கள்.

இவருக்கு ஒரே தங்கை. சிறு வயதிலேயே அப்பா அம்மா இருவரும் போய்விட்டதால் அண்ணன்தான் வளர்த்து, படிக்கவைத்து, கல்யாணமும் செய்து கொடுத்தார். மாப்பிள்ளைக்கு ரயில்வேயில் உத்தியோகம். ஹவுராவுக்கு அப்பால் சாந்த்ராகாச்சியில், ரயில் பெட்டிகளை இரவும் பகலும் கோக்கும் யார்டுக்குப் பக்கத்தில் குவார்ட்டர்ஸ். அவளுக்கு வளைகாப்பு என்று நாள் குறித்தார்கள். பிறந்த வீட்டு வளையல், மஞ்சள் குங்குமம், புடவை, பட்சணம் எல்லாம் எங்கள் வீட்டிலிருந்துதான் போகவேண்டும். முதல் வளையலைப் பிறந்த வீட்டு மனுஷி என்ற முறையில் நான்தான் அடுக்கவேண்டும்.

ரயிலில் போவதுதான் சுலபம். ஆனால் வளைகாப்புக்கு முந்தின வாரம் எங்களைப் பார்க்க வந்திருந்த நாத்தனார், கிளம்பும்போது வாசலில் நின்ற காரைத் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம் மெல்லச் சொன்னாள்.

"மன்னி, நீங்க ரெண்டு பேரும் கார்லயே வந்து இறங்கணும். அங்க எல்லாரும் என்னைப் பிறந்தகம் இல்லாதவ மாதிரிப் பாக்கறா."

அதை நான் இவரிடம் சொன்னேன். இவர் அடுத்த ஞாயிறு வரை காத்திருக்காமல் அன்று சாயங்காலமே புளி கேட்டார்.

வளைகாப்பன்று விடிந்ததும் கிளம்பிவிட்டோம். பின் ஸீட்டு முழுக்கத் தட்டுகளும் கூடைகளும். வளையல் பெட்டியை மட்டும் நான் மடியில் வைத்துக்கொண்டேன். அப்போது ஹவுராவுக்கு இருந்தது பழைய மிதவைப் பாலம். கங்கையில் தண்ணீர் ஏறினால் பாலமும் ஏறும், வற்றினால் பாலமும் கீழே இறங்கிவிடும். நாங்கள் போன நேரம் நதி வற்றிக் கிடந்தது. இந்தக் கரையில் சறுக்கிக்கொண்டு இறங்கி, அந்தக் கரையில் மூச்சு வாங்க ஏறவேண்டியிருந்தது. எங்களுக்கு முன்னால் இரும்புக் கம்பிகள் ஏற்றிய மாட்டு வண்டி ஒன்று. கம்பிகள் வண்டிக்குப் பின்னால் வெகு தூரம் நீட்டிக்கொண்டு ஒன்றோடொன்று மோதி அதிர்ந்துகொண்டிருந்தன.

ஏற்றத்தின் பாதியில் ஒரு மாட்டுக்குக் குளம்பு வழுக்கியது. முன்னங்கால் மடிந்து அது விழ, வண்டி பின்னால் உருண்டு வந்தது. இவர் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹார்ன் பந்தை அமுக்கு அமுக்கென்று அமுக்கினார். எங்களுக்குப் பின்னால் வேறு வண்டிகள் நின்றதால் நகர இடமில்லை. கம்பிகள் நேராக எங்கள் காரின் முகத்தில் வந்து குத்தின. பாத்திரக் கடையில் அடுக்கு சரிந்த மாதிரி ஒரு சத்தம். நான் வளையல் பெட்டியின் மேல் கவிழ்ந்துகொண்டேன்.

வண்டிக்காரன் ஓடிவந்தான். அவன் கூப்பிய கைகளைப் பார்த்தும், பாலத்துப் போலீஸ்காரன் அவனை அடிக்கக் கையை ஓங்கினான். இவர் குறுக்கே போய் நின்று, "முதல்ல மாட்டை எழுப்பு" என்று இந்தியில் சொன்னார். பிறகு அவரே போய்ச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தார். நாலைந்து பேர் சேர்ந்து மாட்டைத் தூக்கி நிறுத்தினார்கள். வண்டி ஏறிப்போன பிறகுதான் திரும்பி வந்து தம் காரைப் பார்த்தார்.

பித்தளை முகத்தின் மேல்புறம் நீளமாக விரிசல் விட்டிருந்தது. தேன்கூட்டில் ஓரிடம் நசுங்கி, அங்கிருந்து தண்ணீர் வழிந்து பாலத்துப் பலகையில் ஓடியது. இவர் அதைக் கைக்குட்டையால் பொத்திப் பார்த்தார். கைக்குட்டையும் நனைந்துவிட்டது.

"திரும்பிடலாமா?" என்று கேட்டேன்.

"எங்க திரும்பறது? அவ வாசலையே பாத்துண்டிருப்பா."

"வண்டியை இங்க விட்டுட்டு ஸ்டேஷனுக்குப் போய் ரயில் பிடிக்கலாம்."

அவர் கைக்குட்டையைப் பிழிந்து உதறினார். "போற வரைக்கும் போகலாம். நின்னுடுத்துன்னா நடந்துக்கலாம்" என்றார்.

அப்படியே போனோம். ஷிப்பூரைத் தாண்டுவதற்குள் முன்னால் ஆவி கிளம்பிவிட்டது. அந்தப் பக்கம் வீட்டுக்கு வீடு குளம் இருக்கும் ஊர். ஒரு குளத்தங்கரையில் நிறுத்தி, எஞ்சின் ஆறும் வரை மரத்தடியில் நின்றுவிட்டு, நாத்தனாருக்குச் சீராகக் கொண்டுபோன புதுக் குடத்தில் தண்ணீர் மொண்டு ஊற்றினோம். அடுத்த குளம் வரை வண்டி ஓடியது. அங்கே மறுபடியும் ஆவி, மறுபடியும் குடம். மூன்றாவது குளத்தில் இவர் ஊற்ற ஊற்றத் தண்ணீர் கீழே கொட்டிக்கொண்டே இருந்தது. விரிசல் பெரிதாகிவிட்டது. பட்டுப் புடவை முழங்கால் வரை நனைந்து நான் படியில் நின்றிருந்தேன். எனக்கு அழுகை வரும்போல இருந்தது. நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது.

படித்துறையில் ஒரு பெங்காலி அம்மாள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். எங்களையே பார்த்துக்கொண்டிருந்தவள் கையைக் கழுவிக்கொண்டு மேலே வந்தாள். எனக்கு அப்போது பெங்காலி அரைகுறைதான். காய்கறிக்காரனோடு பேசிப் பேசி வந்த பாஷை.

"என்ன ஆயிற்று தீதி?" என்று அக்கா முறை வைத்துக் கேட்டாள்.

காரைக் காட்டி, தண்ணீர் நிற்கவில்லை என்று சொன்னேன்.

"என் வீட்டுக்காரர் சணல் மில்லில் பாய்லர் பக்கத்தில் வேலை பார்க்கிறார். பாய்லர் ஒழுகினால் தவிட்டை உள்ளே போடுவார்களாம். அது போய் அடைத்துக்கொள்ளுமாம். இந்த ஹவா காடிக்கு, இந்த மோட்டாருக்கு, அது ஆகுமா என்று எனக்குத் தெரியாது. தவிடு வேண்டுமானால் அவர் மாட்டுக்கு வாங்கி வைத்திருக்கிறார், ஆனால் அறைப் பூட்டின் சாவி அவரிடம்" என்றாள்.

நான் இவரிடம் அதைத் தமிழில் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் கண் பின் ஸீட்டில் இருந்த மஞ்சள் பொட்டலத்தின் மேல் போயிற்று. வருகிற சுமங்கலிகளுக்கெல்லாம் கொடுப்பதற்காக நானே காயவைத்து இடித்த மஞ்சள். தண்ணீர் பட்டால் களிம்பு மாதிரி ஆகிவிடும்.

"ஏன்னா, மஞ்சள் பொடி போட்டா என்ன?"

"எஞ்சினுக்குள்ளயா?"

"கொதிக்கற தண்ணிதானே. ரசத்துல போட்டா அடியில போய்த் தங்கறதோல்லியோ."

அவர் என்னைப் பார்த்தார், காரைப் பார்த்தார். பிறகு அவருக்கும் ஒன்று தோன்றியிருக்கவேண்டும். தாம்பாளத்தில் தங்கைக்காக வைத்திருந்த சந்தன சோப்பை எடுத்து உறையைக் கிழித்தார். அதைத் தண்ணீரில் தேய்த்துக் குழைத்து, வெளிப்பக்க விரிசலில் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி அப்பினார். அதன் மேல் அங்கவஸ்திரத்தில் ஒரு துண்டைக் கிழித்துச் சுற்றிக் கட்டினார். நான் குடத்தில் மஞ்சளைக் கரைத்து மேல் மூடி வழியாக ஊற்றினேன். அந்த அம்மாள் பாதியில் வாங்கிக்கொண்டு, "நீ புடவையைப் பார்" என்று தானே ஊற்றினாள். கம்பியைச் சுற்றி வண்டியைக் கிளப்பினோம். முதலில் மஞ்சளாக ஒழுகியது. பிறகு சொட்டியது. கொஞ்ச நேரத்தில் எப்போதாவது ஒரு சொட்டு.

அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் கூடையிலிருந்து மஞ்சள் கிழங்கும் குங்குமமும் வெற்றிலையும் எடுத்துக் கொடுத்தேன். எதற்கு என்று கேட்டாள். விஷயத்தைச் சொன்னதும், "அப்படியா, அந்தப் பெண்ணுக்கு என் ஆசீர்வாதம் சொல்" என்று குங்குமத்தை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள்.

குவார்ட்டர்ஸ் வாசலில் நாங்கள் போய் நின்றபோது நாத்தனார் தவித்துப்போய் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாளாம். அவளுடைய மாமியார், "ரயில்ல வந்திருந்தா இத்தனை நேரம் வந்திருப்பா" என்று இரண்டு தரம் சொல்லியாகிவிட்டதாம். ஹார்ன் சத்தம் கேட்டதும் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பெண்கள் எல்லாரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். நாங்கள் இறங்கிய கோலத்தைச் சொல்லவேண்டும். இவர் அங்கவஸ்திரத்தில் பாதியைக் காணோம், கையெல்லாம் மஞ்சள். என் புடவைக் கரை முழுக்கக் குளத்துச் சேறு. கார் ஆவி விட்டபோது சந்தனமும் மஞ்சளும் கலந்த வாசனை வாசல் முழுக்கப் பரவியது.

நாத்தனார் வந்து பார்த்தாள். என்ன நடந்தது என்று கேட்கக்கூட இல்லை.

"மன்னி, கார் மஞ்சள் தேச்சுக் குளிச்சுட்டு வந்திருக்கே" என்றாள்.

மாமியாருக்கே சிரிப்பு வந்துவிட்டது. மஞ்சள் போதாமல் போனதை யாரும் பெரிதுபடுத்தவில்லை. அக்கம்பக்கத்தில் இருந்ததைச் சேர்த்து ஒப்பேற்றினார்கள். நான் அவள் கையில் முதல் வளையலை ஏற்றியபோது நேரம் இன்னும் மீதி இருந்தது. வளையல் ஒன்றுகூட உடையவில்லை. அவள் இரண்டு கையும் நிறையப் பச்சையும் சிவப்புமாக அடுக்கிக்கொண்டு, வந்தவர்களிடமெல்லாம், "எங்க அண்ணா கார்ல வந்திருக்கார்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இவர் கூடத்து மூலையில் உட்கார்ந்து கையில் ஏறிய மஞ்சளைச் சுரண்டிக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

சாப்பாடு ஆனதும் நாத்தனார் இன்னொன்று சொன்னாள். பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வரும்போதும் காரில்தான் வருவாளாம். மாப்பிள்ளை, "ரயில்வேக்காரன் பெண்டாட்டி ரயில்ல ஏறமாட்டேங்கறாளே" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். அவர்தான் ஹவுராவில் ஒரு பட்டறை இருப்பதாகச் சொல்லி, மறுநாள் எங்களோடு ஒரு ஆளையும் அனுப்பினார்.

பட்டறை ஒரு இரும்பு வார்க்கும் சந்தின் கடைசியில் இருந்தது. அதன் முதலாளி இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தபோது காலேஜில் யாரோடோ சண்டை போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டவர். எந்நேரமும் பேச்சு. ரேடியேட்டரைக் கழற்றித் தலைகீழாகக் கவிழ்த்தார். உள்ளேயிருந்து மஞ்சள் சேறாகக் கொட்டியது. அதை விரலில் தொட்டு முகர்ந்து பார்த்துவிட்டு, அண்ணி முறை கொண்டாடிக்கொண்டு என்னிடம் திரும்பினார்.

"பௌதி, இதில் மீன் குழம்பு வைத்தீர்களா?"

"நாங்கள் மீன் சாப்பிடுவதில்லை" என்றேன்.

"அப்படியானால் இது வீணாய்ப் போன மசாலா" என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

ரேடியேட்டரின் வாய்களையெல்லாம் அடைத்துத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி, சைக்கிள் பம்பால் உள்ளே காற்றை அடித்தார். எங்கெல்லாம் ஓட்டையோ அங்கெல்லாம் குமிழி வரவேண்டும். தொட்டி முழுக்கக் குமிழி கொதித்தது. கம்பி குத்திய இடத்தில் மட்டுமல்ல, வருஷக்கணக்காக அரித்துப்போயிருந்த இடங்களிலும். இவர் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். தாம் ஞாயிறு தவறாமல் பளபளப்பாக்கிய முகத்துக்குப் பின்னால் இத்தனை ஓட்டை இருந்தது அவருக்கு அதுவரை தெரியாது.

முதலாளி இரண்டு வழி சொன்னார். நசுங்கிய துவாரங்களை ஈயம் வைத்து அடைத்து, மேலே பித்தளைத் தகடு ஒட்டிக் கொடுப்பது ஒன்று. காரின் முகம் அப்படியே இருக்கும், ஆனால் தண்ணீர் சுற்ற இடம் குறைந்துவிடுவதால் ஏற்றம் வந்தால் கொதிக்கும். இன்னொன்று, முழுசாக மாற்றிவிடுவது. இதே மாதிரி வேண்டுமானால் சீமையிலிருந்து கப்பலில் வரவேண்டும், குழந்தை பிறந்து நடக்கத் தொடங்கிவிடும். அவரிடம் உடைத்துப்போட்ட ஒரு லாரியின் ரேடியேட்டர் இருந்தது. நல்ல நிலையில் இருந்தது. ஆனால் கறுப்பு இரும்புச் சட்டம், எங்கள் காரின் மூக்கைவிட ஒரு சாண் உயரம்.

இவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அந்தப் பித்தளையில் அவருக்கு என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். சட்டைப் பையில் கையை விட்டுக்கொண்டு சந்து முனை வரை நடந்தார். அங்கே ஒரு பொட்டுக்கடலைக்காரனிடம் நின்று ஏதோ வாங்கிக்கொண்டு திரும்பி வந்து பொட்டலத்தை என் கையில் கொடுத்தார்.

"கறுப்பையே மாட்டிடச் சொல்றேன். அவ உக்காந்திண்டிருக்கும்போது அந்த ஏத்தத்துல வண்டி நிக்கப்படாது" என்றார்.

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. பட்டறையில் மூக்கை நீட்டி, தகரத்தில் ஒரு கழுத்து செய்து, ரப்பர் குழாயை வெட்டி ஒட்டி எப்படியோ மாட்டினார்கள். பழைய ரேடியேட்டரை உருக்குவதற்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்று இவரே சொல்லிவிட்டார். காரை வீட்டுக்கு ஓட்டி வந்த அன்று எங்கள் சந்தே கூடிவிட்டது. அடுத்த மாடியிலிருந்த பெங்காலி வக்கீல், யாரோ ஒருவருடைய தலைப்பாகையை இன்னொருவர் வாங்கி வைத்துக்கொண்ட மாதிரி இருக்கிறது என்றார். ஆபீஸில் வேறு விதமாகச் சொன்னார்களாம். இவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "கொதிக்கறதில்லை" என்று மட்டும் பதில் சொல்வார். உண்மையிலேயே கொதிக்கவில்லை.

ஏழாம் மாசம் முடிந்து நாத்தனாரை அழைத்துவரப் போனோம். அவளை ஏற்றிக்கொண்டு திரும்பியபோது அன்றைக்கும் நதி வற்றித்தான் இருந்தது. இந்தத் தடவை ஏற்றம் கல்கத்தாக் கரையில். இவர் பாலத்தில் கால் வைக்குமுன் முன்னால் எந்த வண்டி போகிறது என்று பார்த்து, ஒரு பூக்கூடை வண்டிக்குப் பின்னால் போய்ச் சேர்ந்துகொண்டார். வண்டி முனகிக்கொண்டு ஏறியது. நான் ரேடியேட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு இழை ஆவிகூடக் கிளம்பவில்லை. மேலே ஏறியதும் நாத்தனாரிடம் சொல்லத் திரும்பினேன். அவள் தலையணையில் சாய்ந்து, வாயைத் திறந்துகொண்டு நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

எங்கள் வீட்டில்தான் அவளுக்குப் பெண் பிறந்தது. பிரசவத்தில் ஒரு கஷ்டமும் இல்லை. குழந்தைக்குத்தான் பகலில் தூக்கம் வராது, ஊரைக் கூட்டும். ஒரு நாள் இவர் ஆபீஸிலிருந்து சீக்கிரம் வந்தவர், அது படுத்தும் பாட்டைப் பார்த்துவிட்டு எல்லாரையும் காரில் ஏறச் சொன்னார். வண்டி கிளம்பிய கொஞ்ச நேரத்தில் அந்தக் குலுக்கலிலேயே குழந்தை தூங்கிவிட்டது. அதற்குப் பிறகு அது பழக்கமாகிவிட்டது. வெயில் தாழ்ந்ததும் நாங்கள் நாலு பேரும் ஜாதவ்பூர் பக்கம் போவோம். அப்போது அங்கே கட்டடங்கள் அவ்வளவாகக் கிடையாது. இரண்டு பக்கமும் வயலும் தென்னையும்தான்.

போய்த் திரும்புவதற்குள் குழந்தை ஒரு தூக்கம் தூங்கிவிடும். நாத்தனார் காலை நீட்டிக்கொண்டு என்னிடம் ரயில்வே குவார்ட்டர்ஸ் வம்புகளை ஒன்று விடாமல் சொல்வாள். இவர் முன்னால் உட்கார்ந்து கேட்காத மாதிரிக் கேட்டுக்கொண்டிருப்பார். ஒரு இடத்தில் சத்தமாகச் சிரித்துவிடுவார், குழந்தை எழுந்துவிடப் போகிறது என்று நாங்கள் இருவரும் அவரை அதட்டுவோம்.